தாமஸ் குக்: டூர் பேக்கேஜை உலகத்துக்குப் பழக்கியவர்... அவரே ஒருமுறை திவாலானவர்! யார் இவர்?

காஞ்சிபுரத்தில் முன்பணம் என்றால் என்னவென்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மாஸ்டர் வீவர் பாவு, பட்டு, ஜரிகையோடு கையில் கொஞ்சம் பணத்தையும் கொடுப்பார். நெசவாளி புடவையை நெய்து கொடுத்து அதைக் கழிப்பார். இங்கே பணம் முதலில் போவது வேலை செய்பவரிடம்.

டூர் தொழிலில் இது அப்படியே தலைகீழ். காசி, கயா யாத்திரைக்கோ மலேசியா, சிங்கப்பூருக்கோ பெயர் கொடுத்தால், பஸ் பார்ப்பதற்கு முன்பே, ரூம் சாவி கைக்கு வருவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். நடுவில் கம்பெனி மூழ்கினால் என்ன ஆகும்?

2019-ல் உலகமே இந்தக் கேள்வியைக் கேட்டது. அந்த வருஷம் காஞ்சிபுரத்துக்கு அத்திவரதர் வருஷம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாளில் சுமார் ஒரு கோடி பேர் வந்து போனார்கள். அந்தக் கூட்டம் கலைந்து 37-வது நாள், செப்டம்பர் 23 அதிகாலையில், பிரிட்டனின் 178 வருஷ டூர் கம்பெனியான தாமஸ் குக் இழுத்து மூடப்பட்டது. அதன் மூலம் போயிருந்த பிரிட்டன்காரர்கள் மட்டும் சுமார் 1,50,000 பேர் அன்றைக்கு வெளிநாடுகளில் இருந்தார்கள்.

கம்பெனி பெயராகவே நமக்குத் தெரிந்த இந்த தாமஸ் குக், ஒரு மனிதர். ஹோட்டலுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கும் முறையை ஊர் ஊராகப் பரப்பியவரும் அவர்தான்.

ஒரு நாள் கூலி ஒரு பென்னி

1808 நவம்பர் 22-ம் தேதி, இங்கிலாந்தின் டெர்பிஷையர் மாவட்டத்தில் மெல்போர்ன் என்ற சின்ன ஊரில் பிறந்தார் குக். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் இல்லை, இது வேறு. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 10 வயதில் படிப்பு நின்றது. காய்கறித் தோட்டத்தில் வேலை, ஒரு நாளைக்கு ஒரு பென்னி கூலி. 14 வயதில் மரச்சாமான் செய்யும் மாமாவிடம் தொழில் கற்கப் போனார்.

குடும்பம் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. 20 வயது வாக்கில் குக் ஊர் ஊராகப் போய் மதப் பிரசாரம் செய்யும் ஊழியரானார். 1829-ல் மட்டும் அவர் சுற்றிய தூரம் 2,692 மைல். அதில் 2,106 மைல் நடை! டூர் தொழிலின் தந்தை என்று பின்னாளில் பெயர் வாங்கியவர், வண்டிக்குக் காசில்லாமல் நடந்தே ஊர் சுற்றியவர்.

1833-ல் மேரியானை கல்யாணம் செய்துகொண்டார். அந்த வருஷ ஆரம்பத்தில்தான் மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். அன்றைய இங்கிலாந்துத் தொழிற்சாலை ஊர்களில் கூலியில் பெரும்பகுதி சாராயக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க நினைத்த மதுவிலக்கு இயக்கத்தில் குக் தீவிரமாக இறங்கினார். அதற்காகப் பத்திரிகை அச்சடித்தார், கூட்டம் போட்டார்.

ஒரு ஷில்லிங் ரயில்

1841-ல் அப்படி ஒரு கூட்டத்துக்காக லெஸ்டர் நகரை நோக்கி 15 மைல் நடந்து போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. புதிதாக வந்திருக்கும் ரயிலில் கூட்டத்துக்கு ஆள்களை மொத்தமாகக் கூட்டிப் போனால் என்ன?

ரயில் கம்பெனியிடம் பேசினார். 1841 ஜூலை 5-ம் தேதி லெஸ்டரில் இருந்து லாஃப்பரோ வரை, சுமார் 500 பேர், மேற்கூரை இல்லாத திறந்த பெட்டிகளில் போனார்கள். தலைக்கு ஒரு ஷில்லிங். தூரம் வெறும் 12 மைல்தான். காஞ்சிபுரத்தில் இருந்து வாலாஜாபாத் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதில் பலர் அதற்கு முன் ரயிலில் ஏறியதே இல்லை.

இதில் குக் பெரிதாக லாபம் பார்க்கவில்லை. சாராயத்துக்குப் போகும் காசு ஊர் பார்க்கப் போகட்டும் என்பதுதான் அவர் கணக்கு. நம்மூரில் யாத்திரை போகும் குழுக்கள் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு வருகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அந்த ஸ்காட்லாந்து டூர்

1845-ல் முதல்முறையாக வியாபாரமாகவே ஒரு டூர் போட்டார், லிவர்பூலுக்கு. டிக்கெட்டுகள் பறந்தன. அடித்துப் பிடித்து வாங்கியவர்கள் பிளாக்கில் விற்றதாகக்கூடச் சொல்வார்கள். அந்தத் தைரியத்தில் அடுத்த வருஷமே பெரிதாகக் கை வைத்தார்.

1846 கோடையில் சுமார் 350 பேரை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போனார். பாதி தூரம் ரயில், பிறகு நீராவிக் கப்பல், மறுபடி ரயில். வழியில் டீ கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள், கிடைக்கவில்லை. கப்பலில் எல்லோருக்கும் கேபின் போதவில்லை. காசு கட்டியவர்களே டெக்கில் மழையில் நனைந்தபடி இரவைக் கழித்தார்கள். கிளாஸ்கோவில் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்பு கொடுத்ததெல்லாம் நடந்தது. ஆனால் ஊர் திரும்பியவர்கள் மனதில் நின்றது அந்த இரவுதான்.

அதே 1846-ல் குக் திவாலானார்.

இன்று விளம்பரங்களில் நூற்றாண்டுப் பாரம்பரியம் என்று ஒரு வரி வரும். அந்தப் பாரம்பரியத்தின் ஐந்தாவது வருஷத்திலேயே அதை ஆரம்பித்தவர் கடனில் விழுந்தார் என்பது அதில் வராது. ஆனால் குக் ஊரைவிட்டு ஓடவில்லை. அதே லெஸ்டரில் இருந்துகொண்டு, அச்சுத் தொழிலையும் டூரையும் மறுபடி ஆரம்பித்தார். ஸ்காட்லாந்துக்கே திரும்பத் திரும்ப ஆள்களைக் கூட்டிப் போனார்.

வாராவாரம் தவணை

திருப்பம் 1851-ல் வந்தது. லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் உலகக் கண்காட்சி. தொழிலாளர்களுக்கும் பார்க்க ஆசை, ஆனால் மொத்தமாகப் பணம் இல்லை. குக் சேமிப்புச் சங்கங்களை ஊக்குவித்தார். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால், கண்காட்சி சமயத்தில் டிக்கெட். நம்மூர் தீபாவளிச் சீட்டு தெரியும்தானே, அதே கதை.

நடுவில் ரயில் கம்பெனிகளுக்குள் போட்டி வந்து கட்டணம் 5 ஷில்லிங் வரை இறங்கியது. 17 வயது மகன் ஜான் மேசன் குக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். அந்த ஒரு சீசனில் குக் லண்டனுக்கு அனுப்பியவர்கள் சுமார் 1,50,000 பேர். ஆம், 2019-ல் தவித்தவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய அதே எண்ணிக்கை.

1860-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து ரயில் கம்பெனிகள் இனி உங்கள் டூர் டிக்கெட் வேண்டாம் என்று கைவிரித்தன. பிழைப்பே போகும் நிலை. குக் திசையை மாற்றினார். 1863-ல் பாரிஸ், சுவிட்சர்லாந்து. அடுத்த வருஷம் இத்தாலி. 1869-ல் எகிப்து, பாலஸ்தீனம். 1872-ல் ஒரு சின்னக் குழுவோடு உலகத்தையே சுற்றக் கிளம்பி, அமெரிக்கா, ஜப்பான், சீனா, இலங்கை, இந்தியா என்று 222 நாள் பயணம் செய்தார்.

எங்கே இருக்கிறது சிக்கல்?

இதற்கு நடுவில், 1868-ல் குக் கொண்டுவந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது ஹோட்டல் கூப்பன்.

பயணி லண்டனிலேயே குக்கிடம் பணம் கட்டி கூப்பன் புத்தகம் வாங்கிக்கொள்வார். வெளிநாட்டு ஹோட்டலில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, பணத்துக்குப் பதில் கூப்பனைக் கிழித்துக் கொடுப்பார். ஹோட்டல்காரர் அந்தக் கூப்பனை குக் கம்பெனிக்கு அனுப்பி, பிறகு பணம் வாங்கிக்கொள்வார். 1874-ல் வந்த சர்க்குலர் நோட்டும் இதே வகைதான். பின்னாளில் வந்த டிராவலர்ஸ் செக்குக்கு அது ஒரு முன்னோடி.

பயணிக்கு இது பெரிய வசதி. பாஷை தெரியாத ஊரில் பேரம் பேச வேண்டாம், கையில் தங்கக் காசு சுமக்க வேண்டாம். ஆனால் பயணி பணம் கட்டிய நாளுக்கும் ஹோட்டல்காரர் பணம் வாங்கும் நாளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பணம் கம்பெனியின் கையில். இரண்டு பக்கமும் நம்புவது ஒரு பெயரை மட்டும்.

தாமஸ் குக் உயிரோடு இருந்தவரை அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. அவரே கூட வருவார், பெட்டி தொலைந்தால் தேடுவார், ரயில் நிலையத்தில் சண்டை போடுவார். அடுத்த தலைமுறையில் அது அலுவலகமானது.

மகனோடு முட்டல்

அப்பா மனம் தர்மத்தில் இருந்தது. தேவாலயம், மிஷன், மதுவிலக்கு விடுதி என்று பணத்தைச் செலவழித்தார். மகன் ஜான் மேசனுக்கு வியாபாரம் வியாபாரம்தான். இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள். 1878-ல் அப்பா தொழிலில் இருந்து விலகினார். அதாவது, விலக்கப்பட்டார் என்றே சொல்லலாம்.

கம்பெனி அதன் பிறகுதான் அசுர வளர்ச்சி கண்டது. 1881-ல் பம்பாயில் அலுவலகம் திறந்தது. அதைவிட முக்கியம், 1880-களில் இந்திய பிரிட்டிஷ் அரசு ஹஜ் பயண ஏற்பாட்டை ஜான் மேசன் கையில் கொடுத்தது. காரணம், ஏஜென்ட்டுகளிடம் ஏமாந்தும், திரும்பி வரக் காசில்லாமலும் ஜெட்டாவில் தவித்த இந்திய யாத்ரீகர்கள். ஆக, பணம் கட்டிவிட்டுக் கடல் கடந்த ஊரில் அநாதையாக நிற்கும் பயம் நம் நாட்டுக்குப் புதிதில்லை. அந்த ஏற்பாடு சில வருஷம் நடந்து நின்றுபோனது.

லெஸ்டரில் ஒதுங்கிய தாமஸின் கடைசி வருஷங்கள் சோகமானவை. 1880-ல் மகள் ஆனி வீட்டுக் குளியலறையில் இறந்து கிடந்தார். வெந்நீர் போடும் கருவியில் இருந்து வந்த வாயு காரணம் என்று கருதப்பட்டது. 1884-ல் மனைவி மேரியான் போனார். பார்வை மங்கி, கடைசியில் முழுக்கப் போய்விட்டது. 1892 ஜூலை 18-ம் தேதி 83 வயதில் இறந்தார். ஏழு வருஷத்தில், 1899-ல் மகனும் காலமானார். 1928-ல் பேரன்கள் கம்பெனியை விற்றுவிட்டார்கள். அதோடு குக் குடும்பத்துக்கும் குக் என்ற போர்டுக்கும் தொடர்பு முடிந்தது.

2019-ல் நடந்தது என்ன?

அதன் பிறகு அந்தப் பெயர் அரசிடம் போனது, வங்கியிடம் போனது, 2007-ல் இன்னொரு டூர் கம்பெனியோடு இணைந்தது. சேர்ந்து வந்தது கடன். கடைசியில் 170 கோடி பவுண்டு கடனோடு நின்ற கம்பெனிக்குக் கூடுதலாக 20 கோடி பவுண்டு தேவைப்பட்டது. கிடைக்கவில்லை.

மூடுவதற்கு முந்தைய வார இறுதியிலேயே துனிசியாவில் ஒரு ஹோட்டலில் வாசல் கேட்டைப் பூட்டி, தாமஸ் குக் விருந்தினர்களிடம் மறுபடி பணம் கேட்ட செய்தி வந்தது. அவர்கள் ஏற்கெனவே முழுசாகக் கட்டியவர்கள். ஆனால் ஹோட்டலுக்குக் கம்பெனியிடம் இருந்து பணம் வரவில்லை. கூப்பன் காலத்து இடைவெளி, 151 வருஷம் கழித்து, பூட்டிய கேட்டாக வந்து நின்றது.

அந்தப் பயணிகளைக் காப்பாற்றியது அட்டோல் என்ற பிரிட்டன் திட்டம். விமான டிக்கெட் சேர்ந்த பேக்கேஜ் விற்கும் கம்பெனி, ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்டை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும். கம்பெனி விழுந்தால் அந்த நிதியில் இருந்து ஹோட்டல் பாக்கியும் திரும்பி வரும் செலவும் போகும், கிளம்பாதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். இரண்டு வாரத்தில் சிறப்பு விமானங்கள் விட்டு ஆள்களை ஊர் சேர்த்தார்கள்.

இந்தியாவில் அன்றைக்கு என்ன ஆச்சு?

இங்கே தாமஸ் குக் இந்தியா மூலம் புக் செய்திருந்தவர்களுக்கும் பதற்றம் தொற்றியது. பெயர் ஒன்றுதானே! உண்மையில் 2012-லேயே அது கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் குழுமத்திடம் போய்விட்டது. பிரிட்டன் கம்பெனியோடு சம்பந்தமே இல்லை, எங்களுக்குப் பாதிப்பில்லை என்று விளக்கம் கொடுக்க வேண்டியதானது. அந்தக் கம்பெனி தொடர்ந்து இயங்கியது.

ஆனால் ஒருவேளை இந்தியாவில் ஒரு பயண நிறுவனம் விழுந்தால்? அட்டோல் மாதிரி எல்லா டூர் கம்பெனிக்கும் கட்டாயமான பொது நிதி இங்கே இல்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் தானாகவே திவால் மனு போட்டு, விமானங்களை நிறுத்தியது. திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் கடன் வசூலுக்குத் தடை வந்துவிடும். டிக்கெட் பணத்தையும் கோரிக்கையாகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வரிசையில் முன்னால் நிற்பது அடமானம் வாங்கி வைத்திருக்கும் வங்கிகள். 2025 ஜனவரியில் கோ ஃபர்ஸ்ட்டைக் கலைக்க உத்தரவு வந்தது.

கம்பெனி உயிரோடு இருந்து ஏமாற்றினால் வழி உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இரண்டும் இருக்கின்றன. அதற்கு ரசீது வேண்டும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதி வாங்கிய கணக்கோடு போனால், பணம் கட்டியதை நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடமே முறையிட ஒரு வழி இருக்கிறது.