நல்ல வருமானம் தந்த வேலையை விட்டார்... தனக்கான ஸ்டைலை ஜாமினி ராய் கண்டுபிடித்தது எப்படி?

கையில் நல்ல தொழில். ஆர்டரும் வருது. ஆனால் வரையுற எதுவும் தன்னுடையதா தெரியலை. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி கல்கத்தாவில் ஓர் ஓவியர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். அவர்தான் ஜாமினி ராய்.

யார் இவர்?

1887-ல் வங்காளத்தின் பாங்குரா மாவட்டம், பெலியாதோர் கிராமத்தில் பிறந்தவர். 16 வயதில் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஆயில் பெயின்ட், ஒளி நிழல் என ஐரோப்பிய பாணி அவருக்குக் கைவந்த கலையானது. கேட்பவர்களுக்கு போர்ட்ரெய்ட் வரைந்து சம்பாதித்தார்.

என்ன மாறியது?

முப்பதுகளின் நடுவில் அதில் மனசு ஒட்டவில்லை. இரவல் வாங்கிய பாணி அது என்று தோன்றியது. 1920-களில் அதைக் கைவிட்டார். வருமானம் விழுந்தது, குடும்பம் கஷ்டப்பட்டது.

காளிகாட் கோயில் வாசலில் பக்தர்களுக்கு மலிவு விலையில் விற்ற படங்களைக் கவனிக்க ஆரம்பித்தார். பிறகு அதிலும் நகரத்து வாசனை ஏறிவிட்டதாக நினைத்து, கிராமத்துப் படக்காரர்களிடம் போனார்.

ஸ்டைல் எப்படி வந்தது?

ஒவ்வொன்றாகக் கழித்ததால்! நிழல் போச்சு, ஆழம் போச்சு, விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெயின்ட்டும் போச்சு. கல் பொடி, மண், அவுரி நீலம் என ஏழே நிறங்கள். நிறம் ஒட்ட புளியங்கொட்டைப் பசை, கோட்டுக்கு விளக்குக் கரி. துணி, பலகை, பாய் எல்லாவற்றிலும் வரைந்தார். மிஞ்சியது தடித்த வளைகோடும் பெரிய கண்களும்தான். சந்தாலிப் பெண்கள், தாயும் சேயும், இறாலைக் கவ்விய பூனை, இயேசு என எதை வரைந்தாலும் அவர் படம் என்று தெரிந்தது.

சாதாரண வீட்டுச் சுவரிலும் தன் படம் தொங்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அதனால் மகனையும் உதவியாளர்களையும் வைத்து ஒரே படத்தைப் பல பிரதிகள் போட்டு, குறைந்த விலைக்கே விற்றார். எது அவர் கைபட்டது என்று பிரிப்பது இன்று நிபுணர்களுக்கே தலைவலி!

1954-ல் பத்ம பூஷண் கிடைத்தது, 1972-ல் மறைந்தார். பின்னர் அவருடைய படங்கள் தேசிய கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. அவற்றை வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

அவர் தேடியது, 16 வயதில் விட்டுவந்த ஊர்ப்பக்கத்திலேயே இருந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் 20 வருஷம் ஆச்சு.