ஆளுக்கு இரண்டுதான்! - ஸோம்பி காக்டெயிலைக் கலந்த டான் பீச்சின் கதை

கடலூர்ல இருந்து சிதம்பரம் போற ரூட்ல செம்மங்குப்பம்னு ஒரு ஊர். அங்கே நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சினிமா பார்ட்டி. தீம், ஸோம்பி படங்கள். ஸ்க்ரீனுக்கு அப்பாவின் வெள்ளை வேட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், முதலில் 'மிருதன்', அடுத்து 'ட்ரெயின் டு பூசான்'. எல்லாம் ரெடி. சரக்கு விஷயத்தில்தான் நண்பன் ஒரு விபரீத ஐடியா வைத்திருந்தான். மிச்சம் மீதி இருந்த ரம், பிராந்தி, வோட்கா எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றி, மேலே கோலாவைக் கவிழ்த்து, கருப்பாக வந்ததும் அதற்கு ஸோம்பி என்று பெயர் வைத்துவிடுவது!

அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு காக்டெயில் இருக்கிறது. 1934-ல் பிறந்தது. அதைக் கலந்த மனுஷன் பக்கெட்டில் ஊற்றவில்லை, சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்து ஊற்றினார். அன்றைக்கு மாடியில் யாரும் இதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். (21 வயசு ஆகாதவங்க கதையை மட்டும் எடுத்துக்கோங்க!)

அவர் பெயர் டான் பீச். அது அவரே வைத்துக்கொண்ட பெயர். 1907-ல் பிறந்தபோது வைத்தது எர்னஸ்ட் ரேமண்ட் பியூமாண்ட் கேன்ட். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் வளர்ந்து, இருபது வயசு வாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்பி, கரீபியன் தீவுகள், தென் பசிபிக் என்று கப்பலில் ஊர் சுற்றினார். அந்தப் பயணங்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் அளந்த கதைகளில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதுதான் சிக்கல். ஆனால், இரண்டு விஷயங்களோடு திரும்பி வந்தார் என்பது உறுதி. ஒன்று, தீவுகளில் பொறுக்கிய முகமூடிகள், வலைகள், மரத்துண்டுகள். இன்னொன்று, ரம் பற்றிய அறிவு.

1930-களின் ஆரம்பத்தில் ஹாலிவுட்டில் கையில் காசில்லாமல் திரிந்தார். சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். தீவுகள் பின்னணியில் எடுக்கப்படும் படங்களுக்குத் தன்னிடம் இருந்த சாமான்களை வாடகைக்கு விட்டு, செட்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஆலோசனையும் சொன்னார். அதாவது பார் வைப்பதற்கு முன்பே சினிமாவுக்குள் வந்துவிட்டார். 1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. அந்தச் சூட்டோடு சூடாக ஹாலிவுட்டின் மெக்கேடன் பிளேஸ் தெருவில் ஒரு பொந்து மாதிரி இடத்தில் பார் திறந்தார். செட்டுக்குப் போன அதே வலைகளும் மூங்கிலும் இப்போது சுவரில். கடையின் பெயர் 'டான்ஸ் பீச்காம்பர்'. பீச்காம்பர் என்றால் கடற்கரையில் ஒதுங்குவதைப் பொறுக்கிக்கொண்டு திரிபவர். பொருத்தமான பெயர்தான்.

சாப்ளின், மார்லீன் டீட்ரிச் என்று பெரிய தலைகள் எல்லாம் வந்தார்கள். அவர் ஒரு தந்திரம் செய்வாராம். வாடிக்கையாளர்கள் கிளம்பும் நேரம் பார்த்து, தகரக் கூரைமேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கச் சொல்வார். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே மழை கொட்டுவது போலக் கேட்கும். மழையில் எப்படிப் போவது என்று இன்னொரு ரவுண்ட் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சினிமாக்காரங்களுக்கே சினிமா காட்டியிருக்கிறார் மனுஷன்!

ஏன் ரம்? ரொம்ப சிம்பிள், விலை குறைவு. பதிமூன்று வருஷ மதுவிலக்கில் அமெரிக்காவில் பழுக்க வைத்த விஸ்கிக்குத் தட்டுப்பாடு. கரீபியனில் ரம் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்தது. மற்ற பார்களில் அதை மட்டமான சரக்காகப் பார்த்தார்கள். டான் வேறு மாதிரி யோசித்தார். ஒரு தீவின் ரம்மில் கருகிய வெல்ல வாசம், இன்னொன்றில் பழ வாசம், மூன்றாவதில் மரப்புகை. தனித்தனியாகக் கிடைக்காத ஒரு ருசி, அளவாகச் சேர்த்தால் கிடைக்கும். இரண்டு, மூன்று ரம்களைச் சேர்த்துக் கலப்பது அப்படித்தான் அவருடைய அடையாளம் ஆனது.

இதற்கும் நம்ம ஊருக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. டான் கலந்தது எல்லாமே அடிப்படையில் பஞ்ச் வகை. பஞ்ச் என்ற சொல்லே இந்தியாவின் 'பாஞ்ச்', அதாவது ஐந்திலிருந்து வந்தது என்றுதான் சொல்கிறார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து பொருள். 17-ம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தியத் துறைமுகங்களில் குடித்துப் பழகி, உலகம் முழுக்கக் கொண்டுபோன பானம் அது. அந்தக் கம்பெனிதான் 1690-ல் நம்ம தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கி செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது.

சரி, ஸோம்பிக்கு வருவோம். ஹேங்ஓவரில் தலையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வாடிக்கையாளர், முக்கியமான மீட்டிங்குக்குப் போக வேண்டும், எதையாவது கொடு என்று கேட்டார். டான் கலந்து கொடுத்தார். சில நாள் கழித்து வந்த அந்த ஆள், பயணம் முழுக்க நடைப்பிணமாக இருந்ததாகப் புலம்பினார். பெயர் அப்படித்தான் வந்தது என்பது பார் கதை. இதுவும் அந்த நம்ப முடியாத பாதியில் சேர்ந்ததாக இருக்கலாம். அமெரிக்காவில் 'வொயிட் ஸோம்பி' படம் 1932-லேயே வந்துவிட்டது. ஹாலிவுட்டில் பார் வைத்திருப்பவருக்கு அந்தப் பெயர் எங்கே கிடைத்திருக்கும் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

உள்ளே என்ன இருந்தது? கோல்டு ரம் 45 மி.லி, ஜமைக்காவின் டார்க் ரம் 45 மி.லி, டெமெராரா ரம் 30 மி.லி. இந்தக் கடைசி ஆள்தான் வில்லன். நம்ம கடைகளில் கிடைக்கும் ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம். டெமெராராவில் 75.5! கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரே ஒரு ஸோம்பி டம்ளர் நம்ம குவார்ட்டரில் முக்கால் பங்குக்குச் சமம். எலுமிச்சை, பட்டை, கிராம்பு வாசனையில் அது தெரியவே தெரியாது, ஜூஸ் மாதிரி இறங்கும். அதனால்தான் டான் மெனுவிலேயே ஆளுக்கு இரண்டுதான் என்று கட்டுப்பாடு போட்டார். அது விளம்பரத்துக்காகவும்தான். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்தே கூட்டம் கூடியது. ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டே அதிகம் என்பேன்.

அந்த டெமெராரா, தென் அமெரிக்காவின் கயானாவில் இருக்கிறது. 1838-லிருந்து 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிக்கொண்டு அங்கே கப்பல்கள் போயின. மதராஸிலிருந்து போன கப்பல்களில் நம்ம தமிழ் ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு அங்கே இன்னும் இருக்கிறது. ஹாலிவுட் நட்சத்திரங்களைச் சாய்த்த அந்த ரம், இந்திய வம்சாவளிக் கைகள் வெட்டிய கரும்பின் பாகிலிருந்து வந்தது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மூக்கில் ஏறும் பாகு வாசனை நினைவிருக்கா? அதே வாசனையின் இன்னொரு கிளை.

1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வேறு ஒருவர் ஸோம்பி விற்றார். நாடு முழுக்கப் பரவியது. ஆனால், ரெசிப்பி யாருக்கும் தெரியாது. ஆளாளுக்குக் கிடைத்த ரம்களை ஊற்றிப் பெயரை ஒட்டினார்கள். எங்க மாடி பக்கெட்டின் முன்னோர்கள்!

ரெசிப்பி ஏன் தெரியவில்லை என்பதில்தான் டானின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. தன் ஆட்களைப் போட்டிக் கடைக்காரர்கள் இழுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எனவே சிரப்புகளை முன்கூட்டியே கலந்து, பாட்டில்களில் எண் மட்டும் போட்டு வைத்தார். பார்டெண்டர்களில் நிறைய பேர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள். பளபளப்பான மெனுவில் அவர்கள் பெயர் கிடையாது. டான்ஸ் மிக்ஸ் இவ்வளவு, நாலாம் நம்பர் மசாலா இவ்வளவு என்று கலப்பார்களே தவிர, உள்ளே என்ன என்று அவர்களுக்கே தெரியாது. மெசினை ஓட்டத் தெரியும், திறக்க அனுமதி இல்லை.

ரெசிப்பியை இவ்வளவு காபந்து பண்ணியவர், கடையைக் கோட்டை விட்டார். 1937-ல் எதிரே பெரிய இடத்துக்கு மாறினார். அதே வருஷம் கோரா ஐரீன் சண்ட் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். கணக்கு வழக்கில் கில்லாடியான அவர்தான் கடையை நிறுவனமாக மாற்றியவர். 1940-ல் விவாகரத்து. அடுத்து இரண்டாம் உலகப்போர் வந்தது. டான் ராணுவத்தில் சேர்ந்து, இத்தாலியிலும் பிரான்ஸிலும் விமானப்படையினருக்கான ஓய்வு முகாம்களை நடத்தினார். இங்கே கோரா கிளைகளைப் பெருக்கினார். உச்சத்தில் 16 கிளைகள். போரிலிருந்து திரும்பியவர், தன் பெயரில் இருந்த கடைகளுக்குத் தானே முதலாளி இல்லை என்ற நிலையில் நின்றார். ஒப்பந்தப்படி அமெரிக்காவில் அதே பெயரில் கடை திறக்கவும் முடியாது. கோராவை வில்லியாக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அம்மா இல்லாவிட்டால் டானின் கடை அந்தப் பொந்தைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே.

டான் சும்மா இருக்கவில்லை. ஹவாய் அப்போது அமெரிக்க மாநிலம் ஆகவில்லை, 1959-ல்தான் ஆனது. சட்டத்தின் அந்தச் சந்தில் புகுந்து வைகிகி கடற்கரையில் கடை போட்டார். பின்னால் அங்கே இன்டர்நேஷனல் மார்க்கெட் பிளேஸ் என்ற சந்தையை உருவாக்கி, நடுவிலிருந்த ஆலமரத்தின் மேல் வீடு கட்டி அதையே ஆபீஸாக வைத்துக்கொண்டார். இதற்கிடையே அவர் கடைக்கு வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட விக்டர் பெர்ஜெரோன், 'டிரேடர் விக்ஸ்' என்ற பெயரில் கடைகளைப் பரப்பிவிட்டார். 'மை டை' காக்டெயில் யாருடையது என்ற இவர்கள் சண்டை இன்னும் தீரவில்லை.

1989-ல் ஹொனலூலுவில் டான் பீச் இறந்தார். நிஜ ஸோம்பியும் அவரோடு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜெஃப் பெர்ரி என்ற எழுத்தாளர் மட்டும் விடவில்லை. டானின் பழைய ஊழியர்களை வருஷக்கணக்கில் தேடி அலைந்தார். டிக் சான்டியாகோ என்ற ஊழியர் 1937-ல் சட்டைப்பையில் வைத்திருந்த குறிப்பு நோட்டு கிடைத்தது. உள்ளே ஸோம்பி இருந்தது. ஆனால், பாதி பொருள்கள் டானின் ரகசிய வார்த்தைகளில்! டான்ஸ் மிக்ஸ் என்றால் என்ன என்று கண்டுபிடிக்கவே இன்னும் விசாரிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் கிரேப்ஃப்ரூட் ஜூஸ் இரண்டு பங்கு (நம்ம பம்ப்ளிமாஸுக்குப் பங்காளிப் பழம்), பட்டை போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப்பாகு ஒரு பங்கு. அவ்வளவுதான். இதைத்தான் மனுஷன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். 2007-ல் வந்த தன் புத்தகத்தில் பெர்ரி இதையெல்லாம் அவிழ்த்துக் காட்டினார். மற்றவை, 22 மி.லி எலுமிச்சைச் சாறு, இஞ்சி-கிராம்பு வாசனையுள்ள ஃபலெர்னம் சிரப் 15 மி.லி, ஒரு ஸ்பூன் மாதுளை சிரப், ஒரு உதறல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ், சோம்பு வாசம் அடிக்கும் பெர்னோ ஆறே சொட்டு. ஆமாம், ஸோம்பிக்குள் சோம்பு! நொறுக்கிய ஐஸோடு மிக்ஸியில் ஐந்து விநாடி மட்டும்.

செம்மங்குப்பத்தில் டெமெராராவுக்கு எங்கே போவது? அது இல்லாததே நல்லது என்று முடிவானது. பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்தோம். கிச்சனில் பட்டையும் கிராம்பும் போட்டுப் பாகு காய்ச்சினோம். அளக்க எதுவும் கிடைக்காமல் இருமல் மருந்து மூடிதான் கை கொடுத்தது. ஒரே ஒரு டார்க் ரம், ஆளுக்கு 30 மி.லி, எலுமிச்சை, பம்ப்ளிமாஸ், ஐஸ். பைக் சாவிகள் எல்லாம் நண்பனின் அக்கா கைக்குப் போயின, காலை இட்லிக்குப் பிறகுதான் திரும்ப வந்தன. 'மிருதன்' இடைவேளை வருவதற்குள் ரம் தீர்ந்தது. பட்டைப் பாகு பாதி பாட்டில் மிஞ்சியது. மறுநாள் அம்மா அது என்ன என்று கேட்காமலே எடுத்துக் கேசரியில் ஊற்றிவிட்டார். நல்லாத்தான் இருந்தது.