பழைய வண்டியில் பாடம் கற்ற மேதை

வைகாசித் திங்களில் நம் வில்லியனூர் விழாக்கோலம் பூணும். திருக்காமீசுவரர் கோயில் தேர் மாட வீதிகளில் அசைந்து வரும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கமாக அம்மரபு பின்னரும் தொடர்ந்து வந்திருக்கிறது. தேரின் அழகைக் காண்போர் பல்லாயிரவர். ஆனால் அச்சும் சக்கரமும் சரியாக உள்ளனவா என்று குனிந்து பார்ப்பவர்கள் தச்சரும் கொல்லருமாகிய ஒரு சிலரே. தேர் நிலை சேர்வது அந்தச் சிலரால்தான்.

மோட்டார் வண்டிக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ. என்னும் கார் வெளிவந்தது. நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய காரின் எஞ்சினைப் பொருத்தியதே அதன் சிறப்பு. இவ்வகைக் கார்களை மசில் கார் என்பர். தசை வலிமை மிக்க கார் என்பது பொருள். அந்தப் பழைய கார்களைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கி, புதிய எஞ்சினும் புதிய பிரேக்கும் பொருத்தி ஓட்டுவோர் இன்று உலகெங்கும் உள்ளனர். எஞ்சினை மட்டும் பெருக்கிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டால் வண்டி ஓடும், ஆனால் வேண்டிய இடத்தில் நிற்காது. ஆகவே பணம் கொடுப்பதால் மட்டும் ஒருவர் வண்டிக்கு உடையவர் ஆகிவிடுவதில்லை. அதன் உள்ளுறுப்புகளை அறிந்தவரே உண்மையில் அதற்கு உரிமையாளர். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்துக் காட்டிய தமிழகத்துப் பெருமகனார் கோவை ஜி. டி. நாயுடு ஆவார்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவை மாவட்டத்துக் கலங்கல் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவரைக் கவரவில்லை; தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. வயல் வேலையில் நாள்கள் கழிந்தன. அந்நிலையில் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் இன்றிக் குதிரையும் இன்றி ஓடும் அந்த ரட்ஜ் வண்டி இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது.

கையில் காசில்லை. ஆனால் ஆசையை அடக்கிக்கொண்டு வீட்டில் முடங்கிக் கிடக்கவும் அவருக்கு மனமில்லை. ஊரை விட்டுக் கோவைக்குச் சென்றார். உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். பல காலம் காசு காசாகச் சேர்த்து, அந்த அதிகாரியிடமே சென்று முந்நூறு ரூபாய் கொடுத்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் முந்நூறு ரூபாய் ஏழை உழவன் மகனுக்கு மலை போன்ற தொகை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அவர் செய்த செயல்தான் நாம் நினைந்து பார்க்கத் தக்கது. வண்டியை வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்து பெருமை பேசவில்லை. அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். பிரித்ததை மீண்டும் பூட்டினார். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் எவ்வாறு கலக்கின்றன, மாக்னெட்டோவிலிருந்து பொறி எந்த நொடியில் வருகிறது, பிஸ்டனில் உள்ள வளையம் தேய்ந்தால் எஞ்சினின் வலிமை ஏன் குறைகிறது என்பனவற்றையெல்லாம் அந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினே அவருக்குக் கற்பித்தது. தவறு செய்தால் வண்டி கிளம்பாது. சரியாகச் செய்தால் கிளம்பும். இதைவிட நேர்மையான தேர்வு வேறு உண்டா? அத்தேர்வில் வென்று அவர் மெக்கானிக் ஆனார்.

வாழ்க்கை உடனே மலர்ப்பாதையாகிவிடவில்லை. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈட்டிய பொருளைப் பம்பாய் வணிகத்தில் இழந்து வெறுங்கையோடு திரும்பினார். பொருள் போயிற்று, கற்ற தொழில் போகவில்லை. 1920ஆம் ஆண்டு, கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. ஒரு வண்டி பல வண்டிகளாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்கு நாட்டில் நேரம் தவறாமைக்கு மறுபெயராயிற்று.

பஸ் முதலாளியாக அமர்ந்து செல்வத்தை எண்ணிக்கொண்டிருக்கவும் அவர் விரும்பவில்லை. 1937ஆம் ஆண்டு கோவைப் பீளமேட்டில் இந்தியாவிலேயே செய்யப்பட்ட மின் மோட்டார் உருவாயிற்று. டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து அவர் பெற்ற வெற்றி அது. இறைப்புக்கும் ஆலைக்கும் பின்னாளில் ஊரூராக மோட்டார் அனுப்பிய கோவையின் தொழில் வளத்திற்கு அது ஒரு வித்து எனலாம். மெல்லிய தகடு கொண்ட சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி என அவர் படைத்தவை பல. பருத்தியிலும் பப்பாளியிலும் கூட ஆய்வு செய்தார். 1936இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் தம் காமிராவில் படமெடுத்தவரும் அவரே.

1952ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு முக்கியமான கட்டம். இரண்டு பேர் அமரக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய் என்று கணக்கிட்டார். முந்நூறு ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் வாங்க உணவு விடுதியில் உழைத்தவர், நடுத்தரக் குடும்பத்தார்க்குக் கார் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்று எண்ணியது இயல்பே. ஆனால் அன்று நாட்டில் புதிய தொழிலுக்கு அரசின் உரிமம் தேவை. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. நாயுடுவுக்கு உரிமம் கிட்டவில்லை. கார் தயாரிப்பு நின்றது. குறைந்த முதலீட்டைச் சிதறவிடாமல் காப்பது அரசின் நோக்கமாக இருந்திருக்கலாம். எனினும், இயந்திரம் தோற்றதால் நிற்காமல் தாள் கிடைக்காததால் நின்ற கார் என்று அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

கல்வித் துறையிலும் இதே போராட்டம் அவருக்கு முன்பே நேர்ந்தது. அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. 1945இல் தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானார்! நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்கலாம், மீதிக் காலம் பட்டறையில் கழியட்டும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே வேறிடம் மாறி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று பெயர் பெற்று விளங்குகிறது.

இவ்விடத்தில் நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாயுடு கூறியது முற்றும் சரியா? பாலம் கட்டுபவனுக்கும் எஞ்சின் வரைபவனுக்கும் கணிதமும் இயற்பியலும் ஆழமாக வேண்டும். அவற்றை அவசரத்தில் கற்க முடியாது. ஆனால் நான்கு ஆண்டு படித்தும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனாக ஒருவன் வெளியேறுவானாயின், நாயுடுவின் கேள்வி அவனை நோக்கி எழுந்துகொண்டேதான் இருக்கும். அவர் ஏட்டை வெறுத்தவர் அல்லர். கையை மறந்த ஏட்டையே வெறுத்தார்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பல நாட்டுப் பழைய கார்கள் அணிவகுத்து நிற்கின்றன. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மேம்பாலம் அவர் பெயரையே தாங்குகிறது. கார் செய்ய உரிமம் பெறாதவரின் பெயர் தாங்கிய பாலத்தின் மேல் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடுகின்றன!

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் அண்ணனோ தந்தையோ ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளில்தான் கல்லூரிக்கு வருகிறோம். விழுப்புரம் சாலையில் வண்டி நின்றுவிட்டால் பட்டறை வரை தள்ளிச் செல்கிறோம். பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்ட நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அமெரிக்கக் காரை விலைக்கு வாங்கும் செல்வம் நமக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். இருக்கிற வண்டியை அறிந்துகொள்ளும் செல்வம் இன்றே நம் கைக்கெட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அதன் அருகில் அமர்வோமாக! கலங்கல் தந்த மேதைக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் அதுவே.