பித்தன் பட்டறையின் முதல் நூல்

பந்தலூரில் ஆனி, ஆடி மாதங்களில் காகிதத்தைக் காப்பது எளிதன்று. தென்மேற்குப் பருவமழை தேவாலா, சேரம்பாடிச் சரிவுகளில் இறங்கிவிட்டால், அலமாரிக்குள் இருக்கும் நூலும் ஈரம் பிடித்து ஓரம் சுருளும். நம் வட்டத்துக் கவிஞர்களுள் பலர் முதல் தொகுப்பைத் தம் கைப்பணத்தில் அச்சிட்டவர்கள்; விற்காமல் எஞ்சிய கட்டுகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, வெயில் கண்ட நாளில் காயவைப்பவர்கள். பதிப்பாளர் ஏற்காத நூலைத் தானே வெளியிடுவது தகுமா என்னும் வினா, இப்பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் பலமுறை எழுந்ததுண்டு. இவ்வாண்டு அது மேலும் கூர்மையாக எழுந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இம்மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பம் ஒன்றன் கதையை, நம் உறுப்பினர் ஒருவர் நாவலாக எழுதி முடித்துள்ளார். தோட்டத்து லயங்களில் பேசப்படாதவை பல அதில் பேசப்பட்டுள்ளன. அதனைத் தம் செலவில் அச்சிடலாமா என்று அவர் நம்மைக் கேட்டிருக்கிறார்.

இம்மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுத என்னைப் பணித்தபோது, அவ்வினாவைத் தம் வாழ்வில் எதிர்கொண்ட ஒருவரையே எழுதுவது பொருந்தும் எனக் கருதினேன். அவர் ஜி. நாகராஜன்.

நாகராஜன் 1929ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். இளமையில் தாயை இழந்த நாகராஜன், உறவினர் ஆதரவிலும் வளர்ந்தார். கணிதத்தில் அவருக்கு இருந்த ஆற்றல் கல்லூரி நாட்களிலேயே வெளிப்பட்டது. அதற்கெனப் பதக்கமும் பெற்றார். காரைக்குடியில் சிறிது காலம் கல்லூரி ஆசிரியராக இருந்தார். சென்னையில் அலுவலகப் பணியும் பார்த்தார். பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

அக்காலத்தில் பொதுவுடைமை இயக்கம் அவரை ஈர்த்தது. அந்த ஈடுபாட்டினால் நிலையான கல்லூரிப் பணி கைவிட்டுப் போயிற்று. திருநெல்வேலியில் பேராசிரியர் நா. வானமாமலை நடத்திய தனிப்பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். 1950களின் இடைப்பகுதியில் கட்சியிலிருந்தும் விலகினார். அதன்பின் மதுரையில் டுடோரியல் கல்லூரிகளே அவருக்குப் பிழைப்பு தந்தன. கடினமான கணக்கையும் எளிமையாக விளக்கும் நல்லாசிரியர் என்ற பெயர் அவருக்கு இறுதிவரை நிலைத்தது.

மாலையில் அவர் சென்றுவந்த உலகம் வேறு. விலைமகளிர், தரகர்கள், சில்லறைக் குற்றவாளிகள், லாட்ஜுகளிலும் முடுக்குகளிலும் நாளைக் கழிப்போர் ஆகியோரிடையே அவர் பழகினார். அவர்களைத் திருத்தவோ இரங்கவோ அவர் செல்லவில்லை. அவர்களுள் ஒருவராகவே அமர்ந்திருந்தார். அங்கே கண்டவற்றிலிருந்து உருவானதுதான் அவருடைய முதல் நாவலான ‘குறத்தி முடுக்கு’. செய்தித்தாளில் பணியாற்றும் ஒருவனுக்கும், தங்கம் என்னும் விலைமகளுக்கும் இடையே அரும்பும் அன்பைச் சொல்லும் சிறிய நூல் அது.

தொடர்கதைகளில் குடும்பப் பெண்டிரும் இலட்சிய இளைஞரும் நிறைந்திருந்த காலம் அது. பெரும் வார இதழ் எதுவும் அத்தகைய கதையைத் தொடராக வெளியிட்டிருக்க இயலாது. தொடராக வராத நாவலை நூலாக்கும் துணிவும் பதிப்பாளரிடையே அரிது. நாகராஜன் ‘பித்தன் பட்டறை’ என்று ஒரு பெயரிட்டு, 1963இல் அந்நூலைத் தாமே வெளியிட்டார். பித்தன் என்பது நம் மரபில் இழிசொல் அன்று. சுந்தரர் இறைவனையே அப்பெயரால் விளித்தார். பட்டறை என்பதோ கைத்தொழில் நடக்கும் இடம்.

இன்று கணினியில் நூல் செய்யும் இளைஞர்களுக்கு, அன்று ஒரு நாவலை அச்சிடுதல் எத்தகைய வேலை என்பதைச் சொல்ல வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தல் வேண்டும். மெய்ப்புப் பார்த்துத் திருத்தி, எட்டு அல்லது பதினாறு பக்கங்கள் கொண்ட பாரமாக அச்சேற்ற வேண்டும். சிறிய அச்சகங்களில் எழுத்துகள் மிகுதியாக இரா. ஆதலின் ஒரு பாரம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து மீண்டும் பெட்டிகளில் போட்டால்தான் அடுத்த பாரத்தைக் கோக்க முடியும். மறுபதிப்பு வேண்டுமானால் முதல் எழுத்திலிருந்து திரும்பக் கோக்க வேண்டும். காகிதத்துக்கும் கூலிக்கும் முன்பணம் வேண்டும். விற்ற பணமோ கடைக்காரரிடமிருந்து மாதங்கள் கழித்தே வரும். மாதச் சம்பளம் உறுதியில்லாத ஆசிரியர் ஒருவருக்கு இது சிறு சுமையன்று.

பணத்தினும் பெரிய பொறுப்பு ஒன்றும் இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருத்தல் வேண்டும் என்று விதித்திருந்தது. ஆபாசம் எனக் கருதப்படும் நூலை விற்பதும் வெளியிடுவதும் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ‘குறத்தி முடுக்கு’ வந்த மறு ஆண்டில், அதாவது 1964இல், டி. எச். லாரன்ஸின் நாவல் ஒன்றை விற்றதற்காக மும்பைப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் பெற்ற தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தானே வெளியிடுகிறவன் பழியையும் தானே தாங்க வேண்டும் என்ற நிலையில்தான் நாகராஜன் அந்நூலைக் கொணர்ந்தார்.

அந்நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையின் கருத்து இங்கே நினைக்கத்தக்கது. நாட்டில் நடப்பதையே எழுதியதாகவும், அது பிடிக்காதவர் அவ்வாழ்க்கை இருப்பதற்காக வருந்தலாமேயன்றி எழுதியவனைக் கேள்வி கேட்டுத் தப்ப முயலக்கூடாது என்றும் அவர் கூறினார். தாம் விரும்பிய அளவுக்குச் சொல்ல முடியவில்லை என்ற குறையையும் உடன் சேர்த்தார். தடுப்பதற்குப் பதிப்பாளர் எவரும் இல்லாத நூலிலும் ஒரு தடை அவருக்குத் தென்பட்டது. நாமே அச்சிடும்போது நம் பேனாவை நாமே நிறுத்திக்கொள்ளும் இடங்கள் எவை என்பதை நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பட்டறை அத்துடன் நின்றுவிடவில்லை. 1971இல் ‘கண்டதும் கேட்டதும்’ என்னும் சிறுகதைத் தொகுதி வந்தது. 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’ நூலாயிற்று. கந்தன் என்பவன் வாழ்வில் ஒரே ஒரு நாளைக் காட்டும் அந்நாவல், தமிழின் சிறந்த நாவல்களைப் பட்டியலிடுவோர் பலராலும் இன்று குறிக்கப்படுகிறது. எனினும் அவர் எழுதியது கொஞ்சமே. குடியும் கஞ்சாவும் அவர் உடலைத் தேய்த்தன. வருவாயும் வீட்டமைதியும் சிதைந்தன. நண்பர்களிடம் கையேந்தும் நிலையும் வந்தது. அவ்வீழ்ச்சியைக் கலைஞனின் பெருமையாகப் போற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் எழுதாமல் விட்ட நூல்களே நமக்கு நேர்ந்த இழப்பு. 1981 பிப்ரவரி 19ஆம் நாள், மதுரை அரசு மருத்துவமனையில், தம் 51ஆம் அகவையில் அவர் காலமானார்.

அவர் மறைந்தபின் நூல்கள் கடைகளில் கிடைப்பது அரிதாயிற்று. கைமாறிக் கைமாறி வந்த பழைய படிகளிலேயே இளைஞர்கள் அவரைப் படித்தனர். சுந்தர ராமசாமி, சி. மோகன் முதலியோர் அவரைப் பற்றி எழுதி, அவர் பெயர் மறையாமல் காத்தனர். 1997இல் காலச்சுவடு பதிப்பகம் அவர் படைப்புகளைத் தொகுத்து ஒரே நூலாக்கியது. ‘நாளை மற்றுமொரு நாளே’ 2010இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ‘குறத்தி முடுக்கு’ முதலில் அச்சேறியதற்கும் தொகுப்பு வந்ததற்கும் இடையே 34 ஆண்டுகள். அந்த இடைவெளியைக் கடக்க உதவியவை, எவர் எவர் வீட்டிலோ பத்திரமாக இருந்த சில படிகள். நாகராஜன் 1963இல் கைப்பொருள் செலவிட்டு அச்சிடாமல், கையெழுத்துப்படியாகவே வைத்திருந்தால், அலைந்து திரிந்த அவ்வாழ்க்கையில் அது தொலைந்தே போயிருக்கும்.

ஆகவே நம் நண்பருக்கு என் விடை, அச்சிடுக என்பதே. ஆனால் நாகராஜனுக்கு வாய்க்காத ஒன்று நம் நண்பருக்கு வாய்க்க வேண்டும். எழுதியவரே மெய்ப்புத் திருத்தி, முன்பணம் கட்டி, கட்டுகளைச் சுமந்து, கடை கடையாக ஏறி இறங்கும் நிலை அவருக்கு வரலாகாது. கையெழுத்துப்படியை அச்சேறுமுன் இருவர் கடுமையாகப் படித்துக் குறை சொல்லட்டும். நம்முள் தமிழாசிரியர்கள் மெய்ப்புப் பார்க்கட்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் விலை கொடுத்து இரண்டு படிகள் வாங்குவோம். ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று கூடலூருக்கோ கொளப்பள்ளிக்கோ போகும் எவரேனும் ஒருவர் கையில் கொடுப்பதற்கு. எஞ்சிய கட்டுகளை அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் விடாமல், மழை புகாத இடத்தில் வட்டமே வைத்துக்கொள்ளட்டும்.