ஸர் ஆர்தர் காட்டன் துரை

ஸ்ரீரங்கத் தீவின் மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதை நம்மவர் அறிவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளமான கொள்ளிடம் நீரை இழுத்துக்கொள்ள, காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. 1803-இல் பிறந்த காட்டன் துரை இக்குறை தீர்க்கப் புகுந்தார். அடியில் பாறையில்லை, ஆழ்ந்த மணலே. அதில் அணை நிற்குமோ? தீவின் கீழ்க்கோடிக்கு அப்பால், கரிகாலன் கட்டியதென வழங்கும் கல்லணை, களிமண்ணில் பதித்த கற்களால் மணல்மீதே நிற்பதை ஆராய்ந்து பாடங்கற்றார். ஆளும் இனத்தவராயிருந்தும் அதனை எழுத்திலேயே ஒப்புக்கொண்டதை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

1836-இல் மேலணை முடிந்தது. மருந்து சற்று மிகுந்துவிட்டது! காவிரியில் வெள்ளம் பெருகிக் கரைகளை அச்சுறுத்தவே, 1843-இல் அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, 1845-இல் காவிரி முகத்திலும் ஓரணை இட்டனர். துரையவர்கள் பின்னர் கோதாவரியில் தவளேசுவர அணையைக் கட்டி, 1899-இல் காலமானார். 2018 வெள்ளத்தில் மேலணையின் மதகுகள் சில வீழ்ந்தன. அருகே புதிய கதவணை எழுந்துள்ளது.