மனத்தில் சுமந்து வந்த ஆலை

பஞ்சு நூற்கும் யந்திரத்தின் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்று, தொழில் தெரிந்தவர்கள் நாட்டை விட்டுச் செல்வதையே பிரிட்டன் தடுத்திருந்தது.

டெர்பிஷயரில் பிறந்த சாமுவேல் ஸ்லேட்டர், 14 வயதில் ஆலையில் தொழில் பழகச் சேர்ந்தார். யந்திரத்தின் அமைப்பு முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டார். 1789-ல், 21-வது வயதில், குடியானவன் போல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கையில் ஒரு வரைபடம்கூட இல்லை!

மறு ஆண்டே ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட் ஊரில், ஆற்று நீரின் விசையால் நூற்பு யந்திரங்களை ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவில் அவ்விதம் வெற்றி பெற்ற முதல் பஞ்சாலை அதுவே. அங்கே முதலில் உழைத்தவர்கள் 7 முதல் 12 வயதுச் சிறுவர்கள் என்பது வருந்தத்தக்கது.

1824-ல் பிரிட்டன் தடையை நீக்கிற்று. அதற்குள் அமெரிக்காவில் ஆலைகள் பெருகிவிட்டன.

1835-ல் ஸ்லேட்டர் காலமானார். பிறந்த ஊரார் அவரைத் துரோகி என்றனர். குடியேறிய நாட்டார் தொழில்துறையின் தந்தை என்றனர்.