கடலுக்கு அப்பால் வீழ்ந்த வீரர்

ஏர்வாடிக் கடற்கரையில் நிற்பவர்க்கு இலங்கை அயல்நாடு அன்று; அடுத்த வீடு. முத்தும் சங்கும் மீனும் வாணிபமும் இரு கரைகளையும் பன்னெடுங்காலம் பிணைத்து வந்துள்ளன. அந்த மண்ணில் உயிர் நீத்த தமிழ் வீரர் ஒருவரின் வாழ்க்கையை மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் நலம். அவர்தாம் மேஜர் இராமசாமி பரமேசுவரன்.

1946ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13ஆம் நாள் பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நகரிலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று அறிவியலில் பட்டம் பெற்றார். நம்மைப்போல் ஏட்டைத் தூக்கிய கை பின்னர்த் துப்பாக்கி ஏந்தியது. சென்னையில் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியை முடித்து, 1972 ஜூனில் மகார் படைப்பிரிவில் சேர்ந்தார்.

1987 ஜூலை 29ஆம் நாள் இந்திய–இலங்கை உடன்பாடு கையெழுத்தாயிற்று. அமைதி காக்கும் படையில் அவரும் கடல் கடந்தார். அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடும் படையாக மாறியது காலத்தின் கொடுமை!

நவம்பர் 25. யாழ்ப்பாணத்தை அடுத்த கந்தரோடைப் பகுதியில் ஆயுதங்களைத் தேடிவிட்டுத் திரும்பிய அவரது குழுவை, பதுங்கியிருந்தோர் இருளில் தாக்கினர். அவர் பதறவில்லை, சுற்றி வளைத்துப் பின்புறமாகத் தாக்கினார். கைகலப்பில் குண்டு மார்பில் பாய்ந்தது. அந்நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டார்; உயிர் பிரியும்வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்கு வயது 41.

போர்க்களம் சென்றோர் பலருக்கும் பொதுவாகக் கிடைப்பது போர்ப்பணிப் பதக்கம். ஒப்பற்ற தீரத்துக்கு மட்டுமே உரியது பரம்வீர் சக்கரம். இதுவரை அதைப் பெற்றோர் 21 பேரே. இலங்கை சென்ற படையில் அதைப் பெற்றவர் பரமேசுவரன் ஒருவரே; அதுவும் மறைவுக்குப் பின். 2023இல் அந்தமான் தீவுகளுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆயினும் ஓர் எண்ணம் நெஞ்சை உறுத்துகிறது. அன்று சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே மொழியில் தாயை அழைத்தவர்கள். 1990 மார்ச்சில் படை திரும்புமுன் இந்திய வீரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாழ்ப்பாண மக்களும் மாண்டனர். வீடிழந்தோர் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கியதை நம் பெற்றோர் கண்டிருக்கின்றனர்.

பதக்கம் வீரனின் நெஞ்சுரத்தை அளக்கும். போரின் நியாயத்தை அளப்பதில்லை. முன்னதை வணங்குவோம், பின்னதைச் சிந்திப்போம். கற்றவர் கடமை இரண்டுமே.